கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு

உடலுக்குள் பார்த்த கதை – அத்தியாயம் 19

1978-ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், எராஸ்மஸ் பல்கலைக்கழகத்து மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரு சிறிய கருவியைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். கருவியின் எடை ஒன்றரைக் கிலோ. பேட்டரியில் ஓடும். கையில் பிடித்து நோயாளியின் நெஞ்சில் வைத்தால் அதிலேயே பொருத்தியிருக்கும் சின்னத் திரையில் இதயம் துடிப்பது தெரியும். ‘மினிவைசர்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தக் குழுவின் இதய மருத்துவர் யோஸ் ரூலாண்ட், மருத்துவரின் சட்டைப் பையில் இருக்கும் ஸ்டெதஸ்கோப்பைப் போல இதுவும் ஒருநாள் ஆகிவிடும் என்று நம்பினார். சென்ற அத்தியாயத்தில் பார்த்த கிளாஸ்கோ கதைக்கும் இதற்கும் நடுவே இருபது ஆண்டுகள்தாம். இரும்பில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியை மனித வயிற்றின் பக்கம் திருப்பி, 1958-இல் ‘லான்செட்’ இதழில் இயன் டொனால்ட் படம் போட்டபோது, அந்தப் படத்தை எடுத்த இயந்திரம் அறையின் ஒரு பகுதியையே அடைத்துக்கொண்டு நின்றது. அது இருபதே ஆண்டில் கைக்குள் வந்துவிட்டது. வந்தும் என்ன? மினிவைசர் பரவவில்லை. சில இடங்களில் பயன்பட்டது, பிறகு மறக்கப்பட்டது. கையடக்க அல்ட்ராசவுண்ட் என்ற சொல் மருத்துவ உலகில் மறுபடி பரவலாகக் கேட்க இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

ஏன் என்று கேட்டால் படம் தெளிவில்லை என்பார்கள். உண்மைதான், தெளிவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பெரிய இயந்திரங்களின் படங்களும் இன்றைய கண்ணுக்கு மேகமூட்டம்தான், அவை பரவின. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பொதுவாக, கணிப்பொறிச் சில்லு சிறிதானது, கருவி சுருங்கியது, ஆகவே ஸ்கேன் படுக்கையருகே வந்தது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. முதலில் சுருங்கியது மருத்துவர் கேட்ட கேள்வி. கருவி சுருங்கி அந்தக் கேள்விக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. கேள்வி பிறக்காத காலத்தில் வந்த மினிவைசருக்குப் போகுமிடம் இல்லை. இதைத்தான் இந்த அத்தியாயத்தில் நிறுவப் பார்க்கிறேன். இது வெறும் வரலாற்றுத் திருத்தம் இல்லை. இன்று நம் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தக் கருவி எங்கே உயிர் காக்கிறது, எங்கே நேரத்தைத் தின்கிறது, சட்டம் அதை எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற மூன்றுக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

ஸ்கேன் அறைக்கு ஒருவரை அனுப்பும்போது கேட்கும் கேள்வி பெரியது: வயிற்றில் என்ன இருக்கிறது? ரேடியாலஜிஸ்ட் கல்லீரலின் அளவு, பித்தப்பையின் சுவர், கணையம், இரண்டு சிறுநீரகங்கள், மண்ணீரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அளந்து, அறிக்கை எழுதுவார். அதற்கு நல்ல கருவி வேண்டும், இருட்டறை வேண்டும், பல ஆண்டுப் பயிற்சி வேண்டும், வெறும் வயிற்றோடு வந்த நோயாளி வேண்டும். இப்போது வேறொருவரை நினைத்துக்கொள்ளுங்கள். லாரியில் மோதிய பைக்கிலிருந்து தூக்கி வரப்பட்டவர். ரத்த அழுத்தம் 80. முகம் வெளுத்திருக்கிறது. வெளியில் பெரிய காயம் இல்லை. ரத்தம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. அது வயிற்றுக்குள் என்றால் நேரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும். இடுப்பெலும்பில் என்றால் வயிற்றைத் திறப்பது கெடுதலாகவே முடியலாம். இங்கே அறுவை மருத்துவருக்குக் கணையத்தின் அளவு தேவையில்லை. வயிற்றுக்குள் ரத்தம் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான். சி.டி. ஸ்கேன் இதற்கு விடை சொல்லும். ஆனால் ரத்த அழுத்தம் 80-இல் நிற்கும் ஒருவரைக் கண்காணிப்பை விட்டு நகர்த்தி அந்த வளையத்துக்குள் அனுப்புவது எத்தகைய ஆபத்து என்பதை அவசர சிகிச்சையில் வேலை பார்த்த எவரும் அறிவர்.

இந்தச் சிறிய கேள்வி அல்ட்ராசவுண்டோடு பிறந்ததல்ல. 1965-இல் அமெரிக்காவில் ரூட் என்ற அறுவை மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். தொப்புளுக்குக் கீழே சிறிதாகக் கீறி, வயிற்றறைக்குள் குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். 10 மில்லி ரத்தம் வந்தால் சந்தேகமே இல்லை. வராவிட்டால் ஒரு லிட்டர் உப்புநீரை உள்ளே விட்டு, திரும்ப வடியவைத்து, அதில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம் சிவப்பணுக்களுக்கு மேல் இருக்கிறதா என்று எண்ணுவார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகெங்கும் இதுதான் வழக்கம். தவறவிடாத சோதனை, அதுவே அதன் குறையுமாயிற்று. தானாக நின்றுவிடும் சிறு கசிவையும் அது பிடித்துக் கொடுத்தது. திறந்து பார்த்தால் உள்ளே செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கத்தி வைத்துத்தான் கேட்க முடியும், ஒருமுறைதான் கேட்க முடியும், அரைமணி கழித்து மறுபடி கேட்பது சுலபமில்லை. ஆயினும் அடிபட்ட வயிற்றிடம் ‘உண்டா, இல்லையா’ என்று மட்டும் கேட்கலாம் என்பதை மருத்துவர்களுக்குப் பழக்கிவிட்டது இந்த முறைதான். அதன் பங்கு போதிய அளவு நினைக்கப்படுவதில்லை.

அதே கேள்வியை அல்ட்ராசவுண்டை வைத்துக் கேட்கலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும்தான் முதலில் வேரூன்றியது. டென்மார்க்கில் 1970-களின் தொடக்கத்திலேயே அறிக்கைகள் வந்தன. ஜெர்மனியில் 1980-களில் அறுவை மருத்துவர்கள் ஒலியலையை உள்ளே அனுப்பி எதிரொலியை வாங்கும் புரோபைத் தங்கள் கையாலேயே பிடித்து வயிற்றைப் பார்த்தார்கள். அவர்களின் பயிற்சியிலேயே அது சேர்ந்திருந்தது. அமெரிக்காவில் இதைப் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர் கிரேஸ் ரோசிக்கி என்ற அறுவை மருத்துவர். அவரும் சக மருத்துவர்களும் 1990-களில் தொடர்ந்து வெளியிட்ட ஆய்வுகளால் ‘ஃபாஸ்ட்’ என்ற பெயர் நிலைபெற்றது. பெயரின் விரிவு முதலில் ‘அடிபட்டவருக்கான குறிவைத்த வயிற்று ஸ்கேன்’ என்ற பொருளில் இருந்தது. இதயத்தைச் சுற்றியும் பார்க்கிறோமே என்பதால், 1997-இல் கூடிய வல்லுநர் கூட்டம் ‘வயிறு’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. ‘குறிவைத்த’ என்ற சொல் மட்டும் அப்படியே நின்றது. என் வாதத்துக்கு அந்த ஒரு சொல் போதும்.

ஃபாஸ்ட் ஸ்கேனை ஒருமுறை அருகிலிருந்து பார்ப்போம். நோயாளி மல்லாந்து கிடக்கிறார். மருத்துவர் புரோபின் முகத்தில் ஜெல் தடவி, வலப்பக்கம், விலா எலும்புகள் முடியும் இடத்துக்குச் சற்று மேலே, அக்குளின் நடுக்கோட்டில் வைக்கிறார். ஜெல் எதற்கென்றால், காற்றின் மீது பட்ட ஒலியலை ஏறத்தாழ முழுவதும் திரும்பி வந்துவிடும்; தோலுக்கும் புரோபுக்கும் நடுவே மயிரிழைக் காற்று இருந்தாலும் உள்ளே எதுவும் தெரியாது. திரையின் மேல்பாதியில் சாம்பல் நிறத்தில் சீராகப் பரந்திருப்பது கல்லீரல். அதற்குக் கீழே அவரை விதை வடிவில் சிறுநீரகம். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. வயிற்றின் மேல்பகுதியில் மல்லாந்து கிடப்பவருக்கு மிகவும் பள்ளமான இடம் இது. மேட்டில் பெய்த மழை பள்ளத்தில் தேங்குவதுபோல, உடைந்த மண்ணீரலிலிருந்து வரும் ரத்தமும் சுற்றி வந்து இங்கே தேங்கும். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ரதர்ஃபோர்ட் மாரிசன் பெயரால் இதை மாரிசன் பை என்கிறார்கள். அங்கே ரத்தம் சேர்ந்தால் வெள்ளைக் கோடு பிளந்து நடுவில் ஒரு கறுப்புப் பட்டை தோன்றும். திரவம் எதிரொலி தருவதில்லை, அதனால் கறுப்பு. இதைப் பார்த்தபின் புரோபை இடப்பக்கம் மண்ணீரலருகே, பிறகு அடிவயிற்றில் சிறுநீர்ப்பைக்குப் பின்னால், கடைசியாக நெஞ்செலும்புக்குக் கீழிருந்து மேல்நோக்கி இதயத்தைச் சுற்றி. நான்கு இடம். கறுப்பு உண்டா? பழகிய கைக்கு மூன்று நான்கு நிமிட வேலை. கத்தியில்லை, கதிர்வீச்சில்லை. பத்து நிமிடம் கழித்துச் சந்தேகம் வந்தால் மறுபடி வைத்துப் பார்க்கலாம்.

ரேடியாலஜிஸ்டுகள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை வெறும் தொழிற்பொறாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. ஸ்கேன் என்பது பார்ப்பவரின் கையையும் கண்ணையும் நம்பியது. அரைகுறையாகப் பழகியவர் கையில் கிடைத்தால் இல்லாததை இருப்பதாகவும் இருப்பதை இல்லையென்றும் சொல்லிவிடுவார், அந்தத் தவறின் விலை ஓர் உயிர் என்றார்கள். ‘வயிற்றில் என்ன இருக்கிறது’ என்ற பெரிய கேள்விக்கு இது முற்றிலும் சரி. சிறிய கேள்விக்கு எவ்வளவு சரி என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சோதித்தார்கள். ரோசிக்கி குழு 1998-இல் 1,540 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. புரோப் பிடித்தவர்கள் அறுவை மருத்துவர்கள். ரத்தம் இருந்தவர்களில் 83.3 சதவீதம் பேரைக் கண்டுபிடித்திருந்தார்கள். ரத்தம் இல்லாதவர்களில் 99.7 சதவீதம் பேரைச் சரியாக ‘இல்லை’ என்றிருந்தார்கள். அதாவது ‘இருக்கிறது’ என்று சொன்னால் நம்பலாம். ‘இல்லை’ என்று சொன்னால் முழுவதும் நம்பக்கூடாது. அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. குத்துக் காயமில்லாமல் மோதி அடிபட்டு, ரத்த அழுத்தம் இறங்கி வந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. அழுத்தம் இறங்கும் அளவுக்கு வயிற்றில் ரத்தம் கொட்டியிருந்தால் அந்தக் கறுப்புப் பட்டை ஒளிந்துகொள்ள முடியாது. இந்த முடிவை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இதற்கு மறுபடி வருவேன். 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், தகுந்த பயிற்சி பெற்ற எந்தத் துறை மருத்துவரும் அல்ட்ராசவுண்ட் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் போட்டது. அங்குள்ள அவசர மருத்துவர் கழகம் 2001-இல் பயிற்சிக்கான வரையறைகளை எழுதியது: ஒவ்வொரு கேள்விக்கும் 25 முதல் 50 ஸ்கேன்கள் சரிபார்க்கப்பட்ட பிறகே தனியாக விட வேண்டும். உடம்பு முழுமைக்கும் ஒரே சான்றிதழ் தரவில்லை, கேள்விக்குக் கேள்வி கணக்கு வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நுரையீரலின் கதை இதைவிட வலுவான சான்று. காற்று ஒலியலையைத் திருப்பி அனுப்பிவிடும் என்று சொன்னேன். நுரையீரல் முழுக்கக் காற்று. ஆகவே அல்ட்ராசவுண்டால் நுரையீரலைப் பார்க்க முடியாது என்று பாடநூல்கள் எழுதின, மருத்துவர்களும் அப்படியே நம்பினார்கள். நுரையீரலின் படம் வேண்டும் என்றால் அது இன்றும் உண்மைதான். பாரிஸ் பகுதியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய டேனியல் லிக்டென்ஸ்டைன் படத்தைத் தேடவில்லை. நெஞ்சுக்கூட்டின் உள்சுவரும் நுரையீரலின் மேலுறையும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்த்தார். இரண்டு விலா எலும்புகளின் நிழலுக்கு நடுவே, சற்றுக் கீழே, பளபளவென்று ஒரு கோடு. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கோடு எறும்புச் சாரை ஊர்வதுபோல முன்னும் பின்னும் வழுக்கும். நுரையீரல் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இந்த ஊர்தல் தெரியும். நெஞ்சில் அடிபட்டு, இரண்டுக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டால் கோடு செத்ததுபோல அசையாது நிற்கும். மனிதர்களிடம் இது பெரிதாகப் பேசப்படுவதற்கு முன்பே, 1986-இல், ஒரு கால்நடை மருத்துவர் குதிரைகளிடம் இதே அறிகுறியை எழுதிவைத்திருந்தார் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் குதிரையின் நெஞ்சைக் கொண்டுபோவது எளிதில்லை. கைக்கு எட்டிய கருவியிடம் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டிருக்கிறார். லிக்டென்ஸ்டைன் 1995-இல் இந்த ஊர்தலைப் பற்றி எழுதினார். 2008-இல், மூச்சுத் திணறி வந்த 260 பேரிடம் இத்தகைய சில அறிகுறிகளை மட்டும் வரிசையாகக் கேட்டு, 90.5 சதவீதம் பேருக்குச் சரியான காரணத்தைச் சொல்ல முடிந்தது என்று காட்டினார். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி டார்ச் வெளிச்சம்போல வெள்ளைக் கதிர்கள் இறங்கும். ஆஸ்துமா என்றால் இறங்காது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. நள்ளிரவில் மூச்சிரைக்க வந்த முதியவரிடம் ஸ்டெதஸ்கோப்பை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதை டியூட்டி டாக்டர்கள் சொல்வார்கள்.

அடிபட்டவர்களுக்கான ஃபாஸ்டோடு இந்த நுரையீரல் கேள்வியையும் சேர்த்து ‘இ-ஃபாஸ்ட்’ என்று 2004-இல் எழுதியவர் கனடாவின் அறுவை மருத்துவர் ஆண்ட்ரூ கர்க்பாட்ரிக். அந்த ஆய்வு கையடக்கக் கருவியைக் கொண்டே செய்யப்பட்டது. ஆக, இங்கேதான் கருவி கதைக்குள் திரும்ப வருகிறது. அதன் வரவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர்க்களத்தில் அடிபட்ட வீரனின் வயிற்றில் ரத்தம் இருக்கிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும் என்று விரும்பிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமை தார்ப்பா, 1996-இல் பணம் கொடுத்தது. அதிலிருந்து பிறந்த சோனோசைட் நிறுவனம் 1999-இல் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜி.ஈ. நிறுவனத்தின் வீஸ்கேன் 2010-இல் வந்தது, 390 கிராம். 2017-இல் பட்டர்ஃபிளை ஐ.க்யூ. என்ற புரோபுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அதில் படிகங்களுக்குப் பதிலாக ஒரே சிலிக்கான் சில்லின் மீது ஆயிரக்கணக்கான நுண்ணிய பறைகள் அதிரும், கைபேசியிலேயே படம் தெரியும், அறிமுக விலை இரண்டாயிரம் டாலருக்குள் இருந்தது. வரிசையைப் பாருங்கள். தார்ப்பா பணம் கொடுத்தபோது கேள்வி தயாராக இருந்தது, அந்தக் கேள்விக்காகவே கருவி கேட்கப்பட்டது. ராட்டர்டாமில் 1978-இல் இருந்தது கருவி மட்டும்.

இந்தக் கருவியைக் கையில் எடுத்தவர்கள் உடனே அதை ‘இருபத்தோராம் நூற்றாண்டின் ஸ்டெதஸ்கோப்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். ரூலாண்டுக்கும் அந்த ஒப்புமை பிடித்திருந்தது. எனக்கு அது தவறான திசையைக் காட்டுவதாகவே படுகிறது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்கும்போது குறிப்பான கேள்வி இருக்க வேண்டியதில்லை. என்ன கேட்கிறதோ கேட்கட்டும் என்று காதைக் கொடுக்கலாம். அதே மனநிலையோடு புரோபை வைத்து, என்ன தெரிகிறதோ தெரியட்டும் என்று வயிறு முழுக்கத் தேய்ப்பவர், பாதி ரேடியாலஜிஸ்ட் வேலையை அந்தப் பயிற்சியில்லாமல் செய்கிறார். அங்கேதான் தவறுகள் நேர்கின்றன. கல்லீரலில் ஏதோ ஒரு புள்ளியைக் கண்டு பயந்து, நேரம் போய், தேவையில்லாத சோதனைகள் தொடர்கின்றன.

இனி வலுவான மறுப்புகளுக்கு வருகிறேன். அவை ஆய்வுகளின் வடிவில் வந்தவை. 2017-இல் அமெரிக்காவில், வயிற்றில் அடிபட்டு வந்த, ரத்த அழுத்தம் நிலையாக இருந்த 925 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஃபாஸ்ட் செய்து பார்த்தார்கள். சி.டி. ஸ்கேன் எண்ணிக்கை குறையவில்லை, தவறவிட்ட காயங்களிலும் வேறுபாடு இல்லை, எந்தப் பலனும் தெரியவில்லை. 2018-இல், காரணம் தெரியாமல் ரத்த அழுத்தம் இறங்கி வந்த 273 பேரை வட அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதேபோல ஆராய்ந்தார்கள். ஸ்கேன் செய்தவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தும்போது, நாடி பார்க்கும் இடைவெளியில் புரோப் வைத்தால், பத்து நொடிக்குள் முடிய வேண்டிய அந்த இடைவெளி 21 நொடியாக நீள்கிறது, புரோப் வைக்காவிட்டால் 13 நொடி என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. நெஞ்சழுத்தம் நிற்கும் ஒவ்வொரு நொடியும் மூளைக்குப் போகும் ரத்தம் நிற்கிறது. அப்படியானால் இந்தக் கருவி பயனற்றது, சில வேளை கேடு என்று சொல்லலாமா?

ஆய்வுகளை மறைப்பதற்கில்லை, அவை நேர்மையாக நடந்தவை. ஆனால் அவை எந்தக் கேள்வியைச் சோதித்தன என்று பார்க்க வேண்டும். நிலையாக இருக்கும் குழந்தையிடம் ‘ரத்தம் உண்டா’ என்று கேட்டு, ‘உண்டு’ என்று விடை வந்தாலும் மருத்துவர் தியேட்டருக்கு ஓடப்போவதில்லை. இன்று குழந்தைகளின் கல்லீரல், மண்ணீரல் காயங்கள் பெரும்பாலும் கத்தியில்லாமலே ஆறவிடப்படுகின்றன. ‘இல்லை’ என்று வந்தாலும், 83.3 சதவீதக் கணக்கு தெரிந்தவர், சந்தேகம் இருந்தால் சி.டி. எடுக்கத்தான் செய்வார். எந்த விடை வந்தாலும் அடுத்த பத்து நிமிடத்தில் செய்வது மாறாது என்றால் கேள்வியே வீண். இது தோல்வி வந்தபிறகு கட்டிய சமாதானம் என்று ஒருவர் சொல்லலாம். இல்லை. அழுத்தம் இறங்கியவர்களிடம்தான் இந்தச் சோதனை மிகக் கூர்மையாக இருக்கிறது என்பதை 1998-இலேயே அந்த 1,540 பேரின் கணக்கு சொல்லிவிட்டது. விடை நடவடிக்கையை மாற்றும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அடிபட்டு வந்தவர்களில் ஸ்கேன் செய்யப்பட்ட பிரிவினர் ஆபரேஷன் தியேட்டரை அடையும் நேரம் 64 சதவீதம் குறைந்தது. நெஞ்சில் காற்று புகுந்தவர்களிடம் 2020-இல் காக்ரேன் தொகுப்பாய்வு செய்த ஒப்பீடு இன்னும் தெளிவானது: படுத்தபடி எடுத்த எக்ஸ்ரே 100 பேரில் 47 பேரைத்தான் கண்டுபிடித்தது, அல்ட்ராசவுண்ட் 91 பேரைக் கண்டுபிடித்தது. அங்கே விடை ‘ஆம்’ என்றால் விலாவில் குழாய் வைப்பதா என்ற முடிவை அங்கேயே எடுக்கலாம்.

273 பேரின் ஆய்வுக்கு மட்டும் அவ்வளவு எளிதாக விடை சொல்லிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அழுத்தம் இறங்கக் கிருமித் தாக்கு முதல் மாரடைப்பு வரை நூறு காரணம் உண்டு. ஸ்கேன் காரணத்தைக் காட்டுமே தவிர நோயைத் தீர்க்காது, பலருக்குச் சிகிச்சை எப்படியும் ஒன்றுதான். கேள்வி விரிந்தால் பலன் மெலிகிறது என்று அதை வாசிக்கிறேன். நின்ற இதயத்தின் விஷயத்தில் கேள்வி நியாயமானது: இதயத் தசை கொஞ்சமாவது அசைகிறதா? 2016-இல் 793 பேரிடம் நடந்த ஆய்வில், அசைவு தெரிந்தவர்களில் 3.8 சதவீதமும் தெரியாதவர்களில் 0.6 சதவீதமும் பிழைத்து வீடு திரும்பினார்கள். இரண்டும் சிறிய எண்கள்தாம், ஆனால் முயற்சியைத் தொடர்வதா என்று தவிக்கும் மருத்துவருக்கு அந்த வேறுபாடு பொருளுள்ளது. தவறு நடப்பது கேள்வியில் அல்ல, கேட்கும் முறையில். அழுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே புரோபை இடத்தில் வைத்துவிட்டு, நிறுத்தும் இடைவெளியில் சில நொடிக் காட்சியைப் பதிவு மட்டும் செய்து, அழுத்தம் மறுபடி தொடங்கியபின் அதைப் பார்க்க வேண்டும். ஒருவர் வாய்விட்டு நொடிகளை எண்ண வேண்டும். இவ்வளவுதான் திருத்தம்.

நம் நாட்டுக்கு வரும்போது எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. அது எல்லாவற்றிலும் கனமானது. 1991-இல் இந்தியாவில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள்; 2001-இல் 927. பெண் குழந்தைகளைப் பிறக்கவிடாமல் செய்ததில் ஸ்கேனுக்குப் பெரும்பங்கு உண்டு. தமிழ்நாட்டுக்கு இந்த வலி புதிதில்லை. 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை நாம் மறக்கவில்லை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்தது, 2003-இல் இறுக்கப்பட்டது. ஒவ்வொரு இயந்திரமும் பதிவு செய்யப்பட வேண்டும். 2012-இல், எடுத்துச் செல்லக்கூடிய கருவிகளுக்கென்றே ஒரு விதி சேர்ந்தது: பதிவான வளாகத்துக்குள், அங்குள்ள உள்நோயாளிகளுக்கு, அல்லது வேறு பல மருத்துவச் சேவைகளையும் தரும் நடமாடும் மருத்துவ வாகனத்தில் மட்டுமே பயன்படுத்தலாம். காரில் ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதைத் தடுக்க வந்த விதி அது. சட்டைப் பையில் போகும் புரோப் அந்த அச்சத்தை இன்னும் கூட்டத்தான் செய்யும். அவசர சிகிச்சையின் பெயரால் இந்தச் சட்டத்தையே தளர்த்த வேண்டும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. இழந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை, சோதனைக்கு இடமில்லாத அளவு பெரியது.

ஆனால் சட்டம் பிடித்துக்கொண்டிருப்பது கருவியை. குற்றம் இருப்பது கேள்வியில். இரண்டும் பிரிந்து நிற்கும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன். மாதவிடாய் இரண்டு வாரம் தள்ளிப்போன ஓர் இளம்பெண் அடிவயிற்று வலியோடு வந்து கேஷுவால்டியில் மயங்கி விழுகிறாள். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கி, குழாய் வெடித்திருக்கலாம். மருத்துவர் புரோபை வைக்க வேண்டிய இடம் வலது விலாவுக்குக் கீழே, அதே மாரிசன் பை. 2007-இல் வெளியான ஆய்வொன்றில் குழாய்க் கர்ப்பம் உறுதியான பெண்களில் பத்துப் பேருக்கு அங்கே திரவம் தெரிந்தது. அவர்களில் ஒன்பது பேருக்கு அறுவை தேவைப்பட்டது. ஆறு ஏழு வாரக் கருவின் பாலினம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. பன்னிரண்டு வாரத்துக்கு முன் அதை நம்பிச் சொல்லவே முடியாது. அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்க்கும் கேள்விக்கும் சட்டம் தடுக்கும் கேள்விக்கும் எந்த உறவும் இல்லை. இன்றைய கையடக்கக் கருவிகள் எடுத்த காட்சியை நேரத்தோடு பதிந்து சேமிக்கக்கூடியவை. எங்கே வைக்கப்பட்டது, என்ன பார்க்கப்பட்டது என்பதைப் பின்னால் யாரும் சரிபார்க்கலாம்; பழைய பெரிய இயந்திரத்தின் அறைக்கதவு மூடியிருந்தபோது இது முடிந்ததில்லை. மருத்துவமனை வளாகத்தை விட்டு நகராத கருவி, அழிக்க முடியாத பதிவு, பயிற்சி பெற்ற கை என்ற மூன்றையும் கட்டாயமாக்கினால் சட்டத்தின் நோக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடும்.

இவ்வளவுக்கும் 2009-இலேயே இந்தியாவில் அவசர மருத்துவம் தனி முதுநிலைப் பட்டமாக ஏற்கப்பட்டது; புரோப் பிடிக்கத் தெரிந்த மருத்துவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். விதியில் இருக்கும் ‘உள்நோயாளி’ என்ற சொல்தான் உறுத்துகிறது. விபத்தில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வந்திறங்கியவருக்கு அப்போதுதான் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருப்பார்கள். உள்நோயாளிக்கான ஐ.பி. நம்பர் விழுந்திருக்காது, கூட வந்தவர் யாரென்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். கறுப்புக் கோட்டைத் தேட வேண்டிய நேரம் அதுதான், நம்பர் விழுந்து வார்டுக்குப் போனபின் அல்ல. ‘அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும்’ என்று அந்த இடத்தில் சேர்ப்பதற்குச் சட்டத்தைத் திறக்க வேண்டியதில்லை. விதியைத் திருத்தும் அறிவிக்கை ஒன்று போதும்.